கொர்ரமின் பெண்டாட்டி

ரீகாபாத்தில் தாவூஸைப் பற்றிப் பேச்செடுத்தால், மூன்று பேரைக் கட்டியவள் என்றுதான் தொடங்குவார்கள். முதல் புருஷன் ரஜப், சுரங்கம் தோண்டுகிறவன். கடைசிப் புருஷன் குத்ரத், அர்தகானிலிருந்து வந்த கொத்தனார். நடுவில் இருக்கிறவன் கொர்ரம். அவன் ஆள் இல்லை. மலையடியில் பிறந்து, பாலைவனத்துக்குக் கீழே இருட்டுச் சுரங்கத்திலேயே நடந்து வந்து, ஊர் எல்லையில் வெளிச்சத்தைப் பார்க்கிற தண்ணீர். அந்தத் தண்ணீரையும் அது வருகிற சுரங்கத்தையும் சேர்த்துக் கனாத் என்போம். கனாத்தில் ஆண் உண்டு, பெண் உண்டு. அடக்கமாக, ஒரே அளவாக வந்தால் பெண். ஒரு வருஷம் பெருகி மறு வருஷம் முறைத்துக்கொண்டு ஒளிந்தால் ஆண். கொர்ரம் ஆண் என்பதில் ஊரில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை.

தாவூஸின் அம்மா கோல்நெசா ஆட்டுக்காரர் வீட்டுக் கடைசிப் பெண். அப்பாவும், ஊரில் தண்ணீர் முறை பங்கிடுகிற கர்பலாயி அஸ்கரும் அண்ணன் தம்பி மக்கள். அந்த முறையில் அஸ்கர் தாவூஸுக்குச் சித்தப்பா. அவளை ரஜபுக்குப் பேசி முடித்ததும் அவர்தான். ரஜபின் அப்பா, தாத்தா எல்லோரும் கொர்ரமுக்குள் இறங்கித் தூர் வாரியவர்கள். அந்த வேலைக்கு வெள்ளை உடுத்திக்கொண்டுதான் இறங்குவார்கள். மண் விழுந்தால் பிணத்துக்குச் சுற்றுகிற கஃபன் துணி அதுவே.

ரஜப் மேல் விழுந்தது. இரண்டு பக்கத்திலிருந்தும் ஆள் விட்டுத் தோண்டினார்கள். விளக்கு கிடைத்தது, குல்லா கிடைத்தது. ரஜப் கிடைக்கவில்லை. கொஞ்ச நாள் தண்ணீர் பால் மாதிரி வெளுத்து வந்தது, பிறகு தெளிந்தது. அதைத்தான் ஊர் குடித்தது. வேறு தண்ணீர் ஏது?

மறு வருஷம் கொர்ரம் இளைத்துப் போனான். கோதுமை வயலின் பாதிக்குக்கூட எட்டவில்லை. அவனுக்குப் பெண் வேண்டும், அதுதான் கோபம் என்று கிழவர்கள் சொன்னார்கள். இந்த மாதிரிக் கல்யாணத்துக்கு விதவைதான் வேண்டும். ஊரில் அப்போது வயசு இருந்த விதவை தாவூஸ் ஒருத்திதான். அவளுக்கு வருஷக் கோதுமையும் இருக்க வீடும் என்று பேசினார்கள். அவள் மறுக்கவில்லை. ரஜப் அந்தத் தண்ணீருக்குள் எங்கேயோ இருக்கிறான், போய் உட்கார்ந்தால் பக்கத்தில் உட்கார்ந்த மாதிரி இருக்கும் என்று நினைத்தாள். முல்லா நிக்காஹ் ஓதினார். மாப்பிள்ளைக்கு வாய் இல்லையே, அவன் சார்பில் ஏற்றுக்கொண்டேன் என்று அஸ்கர் சொன்னார். ஊரில் அதை மாப்பிள்ளை வாய் என்பார்கள். அதிகப் பங்குத் தண்ணீர் யாரிடமோ, மாப்பிள்ளை வாயும் அவரிடம்.

அன்றிலிருந்து அவள் வேலை, நிலத்தடிப் படித்துறைக்கு இறங்கி, துணி களைந்து, கொர்ரமில் முங்கி எழுவது. பனிக்காலத்தில் தண்ணீர் வெதுவெதுவென்று இருக்கும், கோடையில் எலும்பு வரை குளிரும். முங்கிக்கொண்டே பேசுவாள். யார் வீட்டு ஆடு குட்டி போட்டது, எந்த மருமகள் கோபித்துக்கொண்டு போனாள், எல்லாம் சொல்வாள். கொர்ரம் பெருகினான். ஊருக்கு அவள் மேல் மரியாதை வந்தது. ஆனால் எந்தப் பெண்ணும் அவள் கையைத் தொட்டுப் பேசியதில்லை. அப்படியே தலை நரைக்கத் தொடங்கியது.

அந்தச் சமயத்தில்தான் ஒரு பல்கலைக்கழகத்துக்காரர்கள் பாலைவனத்தை ஆராய்வதற்கென்று ஊருக்கு வெளியே கட்டடம் கட்ட வந்தார்கள். கொர்ரமின் தடம் போகிற இடத்துக்கு நேர் மேலே மனை. தலைமை இன்ஜினியர் வஃபாயி வெளிநாட்டில் படித்தவர், சின்ன வயசு, நல்ல மாதிரி. கட்டடத்தில் குளிர்பதன யந்திரம் ஒன்றுகூட இருக்கக் கூடாது என்பது அவர் பிடிவாதம். பாதியை மண்ணுக்குள் இறக்கினார். சுவர் ஒவ்வொன்றும் ஆள் படுக்கலாம் போல அகலம், எல்லாம் பச்சை மண் செங்கல். கூரை இரட்டைக் குவிமாடம். உச்சியில் காற்றுக்கோபுரம். நடுக்கூடத்துத் தரையிலிருந்து கொர்ரம் வரைக்கும் ஒரு கிணறு இறக்கி, பக்கத்தில் படி வைத்து, கீழே தண்ணீர் தேங்கிக் குளமாக நிற்கும்படி குறுக்கே ஒரு தடுப்பும் கட்டினார்கள். கூடத்துச் சூட்டைக் கோபுரம் உறிஞ்சி மேலே அனுப்பும், அந்த இடத்தை நிரப்பக் கொர்ரமின் மேல் தவழ்ந்த காற்று கிணறு வழியாக ஏறி வரும். இதற்காகத் தண்ணீரில் அஸ்கரிடம் இருந்த பெரும்பங்கைப் பல்கலைக்கழகம் வாங்கிக்கொண்டது. கூலியாட்களுக்கு ரொட்டி சுட்டு டீ போடும் வேலை தாவூஸுக்குக் கிடைத்தது.

கிணற்றைத் திறந்து காற்று முதன்முதலாக ஏறி வந்த அன்று, கூடமே ஒரு தடவை மூச்சை இழுத்து விட்டது போல இருந்தது என்று அங்கே நின்ற ஆட்கள் சொன்னார்கள். காற்றோடு சத்தமும் வந்தது. சுரங்கம் சத்தத்தை எங்கிருந்தும் கொண்டுவரும். தண்ணீர் அலம்புகிற சத்தம், வளையல் சத்தம், பிறகு ஒரு பெண் பேசுகிற குரல். தாவூஸ் குளிக்கிறாள் என்று புரிந்ததும் ஆட்கள் தலையைக் குனிந்துகொண்டு வெளியே போய்விட்டார்கள். சாரத்தின் மேல் கலவை பூசிக்கொண்டிருந்த குத்ரத்தால் மட்டும் உடனே இறங்க முடியவில்லை. இறங்கவும் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

அவள் அன்றைக்குக் கொர்ரமிடம் சொல்லிக்கொண்டிருந்தது அவனைப் பற்றித்தான். அந்த அர்தகான்காரன் ரொட்டியைப் பிட்டு எறும்புக்கும் கொஞ்சம் போடுகிறான், டீயில் சர்க்கரைக் கட்டியை முக்காமல் பல்லிடுக்கில் வைத்துக்கொள்கிறான், முன்பல்லில் ஒன்று பாதி உடைந்திருக்கிறது, சிரித்தால் நன்றாக இருக்கிறது. இவ்வளவும் சொல்லிவிட்டுப் பெருமூச்சு விட்டாள். அவள் படியேறிப் போன பிறகும் குத்ரத் சாரத்திலேயே நின்றான். கீழே ஆழத்தில், அந்தத் தண்ணீருக்குள்ளிருந்து, யாரோ குந்தாலியால் மண்ணைக் கொத்துவது மாதிரி இரண்டு மூன்று தட்டு கேட்டது. பிறகு இல்லை.

குத்ரத் மனைவியை இழந்தவன், பிள்ளை இல்லை. மறுநாள் டீ வாங்க வந்தபோது உடைந்த பல் தெரியச் சிரித்தான். அவளுக்கு விஷயம் புரிந்துபோய்க் கெட்டிலைக் கீழே வைத்துவிட்டாள். ஒரு மாதத்துக்குள் அவன் அஸ்கரிடம் பெண் கேட்டு வந்தான். அஸ்கர் அவனை அனுப்பிவிட்டுத் தாவூஸைக் கூப்பிட்டு விசாரித்தார்.

"சித்தப்பா, எனக்கு ரொட்டி திங்கிற புருஷன் வேணும்," என்றாள் அவள். "நான் திட்டினா திருப்பித் திட்டணும். இவன்கிட்ட இத்தனை வருஷமாப் பேசறேன், ஒரு 'ம்' கூடச் சொன்னதில்லை."

"அவன் 'ம்' சொல்லாத வரைக்கும் சந்தோஷப்படு, மவளே."

அவள் பிடித்த பிடியை விடவில்லை. தலாக் வாங்கிக் கொடுங்கள் என்று நின்றாள். அஸ்கர் யோசித்துப் பார்த்துவிட்டுக் கையை விரித்தார். மாப்பிள்ளை வாய் இப்போது தன்னிடம் இல்லை, பெரும்பங்கை விற்றபோதே அதுவும் கூடவே போய்விட்டது, கட்டடத்துக்காரரிடம் போய்க் கேள் என்றார். பொறுப்பைத் தட்டிக் கழித்தாரா, உண்மையாகவே அப்படி நம்பினாரா என்று இன்றைக்கும் ஊரில் இரண்டு பேச்சு உண்டு.

வஃபாயி சிரிக்கவில்லை. முகம் வாடிவிட்டது அவருக்கு. ஒரு மனுஷியைத் தண்ணீருக்குக் கட்டிவைத்திருக்கிறார்கள், அவிழ்க்க நாலு வார்த்தை போதும் என்றால் இன்றைக்கே சொல்கிறேன் என்றார். வசந்தப் புத்தாண்டான நவ்ரூஸ் முடிந்த கையோடு, முல்லாவையும் இரண்டு சாட்சிகளையும் வைத்துக்கொண்டு, நடுக்கூடத்தில் கிணற்றுக்குப் பக்கத்தில் நின்று, கொர்ரம் சார்பில் தலாக் சொன்னார். காற்று எப்படி ஏறுகிறது என்று பார்க்கக் கிணற்று வாயில் ஒரு நீளத் துணியைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். அது எப்போதும் மேல்நோக்கிப் படபடத்துக்கொண்டே இருக்கும். கடைசி வார்த்தை சொன்னதும் துணி தொப்பென்று நேராகத் தொங்கியது. வெளியே காற்று நின்றுவிட்டது போல என்றார் வஃபாயி. குத்ரத் அந்த நேரம் கோபுரத்தின் மேல் செங்கல் இடுக்கு பூசிக்கொண்டிருந்தான். அவன் தலைத்துண்டைப் பிய்த்துக்கொண்டு போகிற காற்று அடித்தது அங்கே. இறங்கி வந்து அவன் யாரிடமும் அதைச் சொல்லவில்லை.

வாசலில் செருப்பு மாட்டும்போது முல்லாதான் ஞாபகப்படுத்தினார். இது திரும்ப அழைத்துக்கொள்ளும் தலாக். பெண் காத்திருக்க வேண்டிய இத்தா முடிகிற வரைக்கும், அதாவது மூன்று மாதத்துக்குமேல், புருஷனுக்கு உரிமை இருக்கிறது. அவன் மனம் மாறி அழைத்துக்கொண்டால் தலாக் போச்சு, பழையபடி பெண்டாட்டி. அவள் சம்மதம்கூடத் தேவையில்லை.

"வாயால அழைக்கணும்னு இல்லை," என்று அஸ்கர் சேர்த்துச் சொன்னார். "கை பட்டாலே அழைச்ச மாதிரிதான். அவனுக்குத் தொடுறதைத் தவிர வேற என்ன தெரியும், மவளே?"

அப்போதுதான் தாவூஸுக்குத் தான் எதில் மாட்டியிருக்கிறோம் என்று உறைத்தது. கொர்ரமின் ஒரு சொட்டு மேலே படாமல் இத்தாவைக் கழித்தால் குத்ரத். பட்டால் கடைசி வரைக்கும் கொர்ரம். ஊரில் இருக்கிற தண்ணீர் முழுக்க அவன் தண்ணீர். இத்தா முடிகிற வரைக்கும் வீட்டை விட்டு வெளியூர் போகவும் கூடாது.

குத்ரத் மோட்டார் சைக்கிளின் இரண்டு பக்கமும் எண்ணெய் டின் கட்டி, யஸ்த் நகரத்திலிருந்து குழாய்த் தண்ணீர் கொண்டுவரத் தொடங்கினான். குடிக்க, கழுவ, மாவு பிசைய எல்லாம் அதுதான். அவளோடு பேசக் கூடாது என்பதால் வாசலில் வைத்துவிட்டு, ஒரு தடவை ஹார்ன் அடித்துவிட்டுப் போவான். ஊர்ப் பெண்களுக்குப் பேசி மாளவில்லை. மாதுளை அவன் தண்ணீரில் விளைந்ததுதானே, தின்னலாமா? ஈரத் துணி காய்கிற கொடிக்குக் கீழே நடக்கலாமா? பக்கத்து வீட்டுக் குழந்தை முத்தம் கொடுத்தால் அதன் எச்சில் யாருடையது? முல்லாவிடம் கேட்டார்கள். பழம் தண்ணீர் இல்லை என்றார். எச்சில் அந்தக் குழந்தையுடையது என்றார். அழுகிற கண்ணீர் பற்றி ஒருத்தி கேட்டதற்கு, யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து போய்விட்டார்.

பக்கத்து வீடு ரஜபின் தங்கை ஃபெஸ்ஸாவுடையது. ஈரக் கையோடு வருகிறவர்களை வாசலிலேயே நிறுத்தித் துரத்துவது அவள் வேலை. ஆனால் வாய் சும்மா இருக்காது. "என் அண்ணன் எலும்பைக்கூட அவன் திருப்பித் தரல. உன்னை முழுசாத் தந்துடுவான்னு பாக்கிறியா, மதனி?" என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கேட்பாள். கேட்டுவிட்டு, நகரத்துத் தண்ணீரில் பிசைந்த ரொட்டியைச் சூடாக எறிந்துவிட்டுப் போவாள்.

முதல் மாதம் ஒன்றும் இல்லை. இரண்டாவது மாதம் முற்றத்துத் தொட்டியின் அடி கறுத்தது. அந்தத் தொட்டி அவள் அந்த வீட்டுக்கு வருவதற்கு முன்பே வெடித்து வறண்டது. விரலை வைக்காமல் குனிந்து மோந்து பார்த்தாள். படித்துறை வாசனை. சில நாளில் வீட்டுச் சுவரின் அடியில் ஒரு ஈரக்கோடு தெரிந்தது. மறுநாள் அது கொஞ்சம் மேலே இருந்தது. அவள் படுக்கிற அறையில்தான் மற்ற அறைகளைவிட உயரமாக இருந்தது. படுக்கையை வேறு அறைக்கு மாற்றினாள். அங்கேயும் அவள் தலைமாட்டுப் பக்கமாகக் கோடு ஏறியது. ஒருநாள் காலையில் கதவைத் திறக்கப் போனவள், தாழ்ப்பாளில் முத்து முத்தாக நீர் கோத்திருப்பதைப் பார்த்துக் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். முக்காட்டு நுனியைச் சுற்றிக்கொண்டுதான் திறந்தாள்.

ஃபெஸ்ஸா போய் வஃபாயியைக் கூட்டிவந்தாள். அவர் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, காரணம் விளங்குகிறது என்றார். கட்டடத்துக்குக் கீழே கட்டின தடுப்பால் தண்ணீர் பின்வாங்கி, பழைய கிளைச் சுரங்கங்களில் ஏறி, வீடுகளுக்கு அடியில் ஊறுகிறது. தடுப்பை உடைத்தால் நின்றுவிடும். ஆனால் குளம் வற்றினால் கூடம் சுடும். திறப்பு விழாவுக்குத் தலைநகரத்திலிருந்து ஆட்கள் வருகிறார்கள், அது முடிந்த மறுநாளே உடைத்துத் தருகிறேன் என்று தலையில் அடித்து உறுதி சொன்னார்.

"அப்ப மத்த வீட்டுல ஏன் ஈரம் இல்லை, இன்ஜினியர் ஐயா? என் வீடு ஒட்டுச் சுவர்தானே?" என்று ஃபெஸ்ஸா கேட்டாள். அவர் அவள் வீட்டுச் சுவரையும் தடவிப் பார்த்தார். சுண்ணாம்பு பொடியாக உதிர்ந்தது. கையைத் தட்டிக்கொண்டு கிளம்பினார்.

தாவூஸ் மாடிக்கு ஏறிவிட்டாள். அங்கேதான் ஈரம் வராது. ஒரு கம்பளத்தைக் கம்பில் கட்டி நிழல் செய்துகொண்டு பகலெல்லாம் உட்கார்ந்திருந்தாள். கோடை உச்சிக்கு வந்திருந்தது. அங்கேயிருந்து பார்த்தால் கட்டடத்தின் காற்றுக்கோபுரம் தெரியும். அதன் துவாரங்கள் எல்லாத் திசைக்கும் பொதுவாக இருந்தும், தன் பக்கம் இருக்கிறது மட்டும் தன்னையே பார்ப்பதாக ஃபெஸ்ஸாவிடம் சொன்னாள். வெயில் தலைக்கேறிப் பேசுகிறாள் என்று ஃபெஸ்ஸா நினைத்தாள்.

விழா வந்த அன்று இத்தாவில் மிச்சம் இருந்தது கொஞ்சம்தான். காலையிலேயே பெரிய மனிதர்களின் கார்கள் வரும் என்று சாலையை மறித்துவிட்டார்கள். குத்ரத்தை வழியில் நிறுத்தினார்கள். எண்ணெய் டின்னில் என்ன என்று கேட்ட போலீஸ்காரனுக்குத் தண்ணீர் என்று அவன் சொன்னது நம்பும்படியாக இல்லை. கவிழ்த்துக் காட்டச் சொன்னான். மணல் அத்தனையும் குடித்துவிட்டது. சாலை திறக்க உச்சிவேளை தாண்டிவிட்டது. வெறும் டின்னோடு ஊருக்குள் வந்து ஹார்ன் அடித்தான். மாடியில் அசைவு இல்லை. மறுபடி அடித்தான். ஃபெஸ்ஸா வீட்டில் ஆள் இல்லை, ஊரே விழாவுக்குப் போயிருந்தது. ஏணி வைத்து ஏறிப் பார்த்தான். கம்பளம் காற்றில் விழுந்து கிடக்க, தாவூஸ் வெயிலில் கிடந்தாள். உதடு வெடித்திருந்தது. உடம்பு அடுப்புக் கல்லாகக் கொதித்தது, ஒரு துளி வேர்வை இல்லை.

குத்ரத் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினான். அந்த வெயிலில் ஊரைச் சுற்றிக் குளிர்ச்சியான இடம் ஒன்றே ஒன்றுதான். விருந்தாளிகள் கூடத்தில் நின்று, வெளியே நெருப்பாகக் கொட்டும்போது, கிணற்றுக் காற்று ஏறாமலே தடித்த மண் சுவருக்குள் உடம்பு சிலிர்ப்பதைச் சொல்லி வியந்துகொண்டிருந்தார்கள். வஃபாயி அவர்களை ஒதுக்கிவிட்டு வழி விட்டார். கிணற்றுப் பக்கத்தில் தரையில் கிடத்தினார்கள். மேஜையில் இருந்ததெல்லாம் சர்பத்தும் டீயும்தான். தண்ணீர், தண்ணீர் என்று யாரோ சொன்னார்கள்.

குத்ரத் கிணற்றை ஒரு தடவை பார்த்தான். என்ன செய்யப் போகிறோம் என்று அவனுக்குத் தெரியாமல் இல்லை. அத்தனை நாள் அவன் மோட்டார் சைக்கிள் ஓட்டியதே அது நடக்காமல் இருக்கத்தான். படியிறங்கிப் போனான். கீழே இருட்டில் முழங்கால் அளவு நின்று, தொப்பியில் மொண்டு, ஏறி வந்து அவள் தலையில் ஊற்றினான். மறுபடி இறங்கினான். எத்தனை தடவை என்று யாரும் எண்ணவில்லை. கிணற்று வாயில் நவ்ரூஸிலிருந்து செத்துத் தொங்கிய துணி மெல்ல எழுந்து ஆடத் தொடங்கியதை வஃபாயி பார்த்தார், அஸ்கரும் பார்த்தார். விருந்தாளிகள் குளிருகிறது என்று கோட்டை மாட்டிக்கொண்டார்கள்.

தாவூஸ் கண்ணைத் திறந்தாள். முகத்திலிருந்து வழிந்ததை நாக்கு தொட்டது. இத்தனை வருஷம் முங்கி எழுந்தவளுக்கு அந்த ருசி தெரியாதா? குத்ரத்தைப் பார்த்தாள். முழங்கால் வரை நனைந்த கால்சட்டை, சொட்டுகிற தொப்பி.

"எந்தத் தண்ணி?" என்று கேட்டாள்.

"டவுன் தண்ணி," என்றான் குத்ரத்.

அவள் பார்வை அஸ்கர் மேல் போனது. ஊர் முழுக்க அவர் வாயைப் பார்த்தது. பொய் என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அஸ்கர் துணி படபடப்பதையும் பார்த்தார், கீழே தண்ணீர் அலம்புகிற சத்தத்தையும் கேட்டார். கொர்ரமுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது, இனி வயலுக்குக் குறை வராது. இவளுக்கு வேண்டியதையும் கொடுத்தால் என்ன போகிறது என்று நினைத்தாரோ என்னவோ.

"டவுன் தண்ணிதான்," என்றார். "நானே டின்னைப் பார்த்தேன்."

இத்தா முடிந்தது. முல்லா நிக்காஹ் ஓதினார், இந்தத் தடவை மாப்பிள்ளை தானே வாய் திறந்து ஏற்றுக்கொண்டான். இரண்டு பேரும் அர்தகானுக்குப் போய்விட்டார்கள். தாவூஸுக்குப் பிள்ளை பிறக்கவில்லை. குத்ரத்தின் அண்ணன் மக்களை வளர்த்தாள், மூத்தவளுக்கு ஃபெஸ்ஸா வீட்டுப் பையனையே முடித்தாள். புருஷனைத் திட்டினாள், அவன் திருப்பித் திட்டினான். ரீகாபாத்தில் கொர்ரம் ஒரு விரல்கூடக் குறையவில்லை, ஆகையால் அவனுக்கு வேறு பெண் பார்க்க வேண்டும் என்ற பேச்சே எழவில்லை. வஃபாயி தடுப்பை உடைக்க வரும்போது தாவூஸின் காலி வீட்டுச் சுவர்கள் காய்ந்து போயிருந்தன. உடைக்கத் தேவையில்லை என்று விட்டுவிட்டார். கட்டடம் இன்றும் குளுகுளுவென்று இருக்கிறது. அங்கே படிக்க வருகிற பிள்ளைகள், கீழே யாரோ குளிக்கிற சத்தம் கேட்டால் கூடத்தை விட்டுக் கொஞ்சம் தள்ளிப் போய் உட்காருவார்கள்.

வயசான காலத்தில் ஒருநாள் குத்ரத் கேட்டிருக்கிறான், அன்றைக்கு உனக்குத் தெரியுமா என்று.

"தெரியாம என்ன? நாக்கு செத்தா போச்சு எனக்கு?"

"தெரிஞ்சுமா என்னைக் கட்டிக்கிட்ட?"

"எனக்காக அதுவரைக்கும் யாரும் பொய் சொன்னதில்லை," என்றாள் அவள்.

அவனுக்கு இன்னும் கேட்க ஒன்று இருந்தது, அதைக் கேட்காமலே விட்டான். கல்யாணமான மறுநாளிலிருந்து தினமும் காலையில் அவள் பின்னலின் நுனி நனைந்திருக்கும். தலையணையில் கை அகலத்துக்கு ஈரம் இருக்கும், முகர்ந்தால் குளிர்ந்த மண் வாசனை. அவள் அடுப்படிக்குப் போன பிறகு குத்ரத் அந்தத் தலையணையை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போவான், வெயில் விழுகிற சுவரில் சாய்த்து வைப்பான், காய்ந்ததும் அவள் பார்ப்பதற்கு முன் கொண்டுவந்து போட்டுவிடுவான்.